ஏழாவது பெயர்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். 7.40க்கு ஈப்போ அலுவலகம். மாலை 5.20க்கு வேலை முடிந்து, புந்தோங்கில் வழக்கமான கடையில் ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். நாட்குறிப்பில் அதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது.

5.45க்கு ஒரு தோழி வந்து எதிரே உட்கார்ந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காது கேளாத தன் மகளுக்குக் கைச்சாடையில் பாடம் சொல்லித் தருவதை இரண்டு வருடமாக ஒரு சமூக வலைத்தளத்தில் படம்பிடித்துப் போட்டுவந்தார். அதைப் பார்த்து வேறு சில பெற்றோரும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அது கிரிப்டோ நாணயத்தில் ஓடும் தளம். பிடித்த பதிவுக்கு வாக்குப் போடலாம், எழுதியவருக்கு நாணயம் பரிசு; பிடிக்காவிட்டால் எதிர்வாக்கு, அது மிஞ்சினால் பதிவே மறைந்துவிடும். ஆனால் யாரிடம் நாணயம் அதிகமோ அவர் வாக்குக்குத்தான் எடை. எங்கள் தமிழ்க் குழுவில் நாற்பது பேர் சேர்ந்து அமுக்கினாலும் அங்கிருந்த ஒரு பெரும்புள்ளியின் விரலுக்கு ஈடாகாது. அவர் தன் பதிவுகளுக்குத் தானே வாக்குப் போட்டுப் பரிசை அள்ளுகிறார் என்று தோழி முந்தின நாள் அங்கேயே எழுதியிருந்தார். விடிந்தபோது தோழியின் பதிவுகள் அத்தனையும் மறைக்கப்பட்டிருந்தன, பாடங்கள் உட்பட.

"எதிர்வாக்குப் போட்டது யாரு யாருன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணே. எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியுது. எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்கிற ஆளு நீங்கதானே."

பட்டியலை எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முதல் பெயர் பெரும்புள்ளி. ஆறாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழாவது பெயர் என்னுடையது.

இரண்டு மாதத்துக்கு முன், பெரும்புள்ளியின் வாக்கு போகும் இடத்துக்கெல்லாம் என் வாக்கும் தானாகப் போக அனுமதி கொடுத்திருந்தேன். பதிலுக்கு என் பதிவுகளுக்கு அவர் தினமும் ஒரு வாக்கு. எதிர்வாக்கும் இதில் அடங்கும் என்ற வரியை நான் படிக்காமல் விடவில்லை. படித்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான் என்றேன்.

அவர் தாளில் விரல் வைத்து எண்ணினார். "ஆறுதான் வருது. இங்க ஏழுன்னு காட்டுதே லா?"

தப்பாக எண்ணியிருப்பீர்கள் என்று சொல்லியிருக்கலாம். என் பேச்சை அவர் நம்பியிருப்பார். சொல்லவில்லை. கைபேசியை நிமிர்த்தி அவர் பக்கம் தள்ளினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தோட்டத்துல தொரைக்கு ஒரு கங்காணி இருப்பாரு. இந்தத் தொரைக்கு நீங்களா? சம்பளம் எவ்வளவு அண்ணே?"

என் பெயரையும் தாளில் எழுதி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை 5.50க்கு எழுந்தேன். காப்பிகூடப் போடாமல், முதல் வேலையாக அந்த அனுமதியை ரத்துசெய்து எதிர்வாக்கைத் திரும்பப் பெற்றேன். பாடங்கள் மறைந்தபடியேதான் இருந்தன; அந்தத் தளத்தில் என் எடை அவ்வளவுதான். ஆனால் தோழியின் தாளில் என் பெயரும் பெரும்புள்ளியின் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருந்தன என்பதை, இன்றும் எதற்காவது சம்மதம் சொல்லும்முன் நினைத்துக்கொள்கிறேன்.