காலி வரிசை

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் காவல் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவள். சில வருஷம் மோப்ப நாயோடு இருந்தேன். பகலில் நான் நடத்துவேன், இரவில் அதே நாயைக் கூட வேலை பார்க்கிற ஒரு தம்பி. லாரியிலோ பெட்டியிலோ வெடிமருந்து வாசம் பட்டால் நாய் குரைக்காது. அந்த இடத்திலேயே உட்காரும். அதுதான் அடையாளம்.

பிறகு புது விதி வந்தது. நாயும் அதை நடத்துகிற ஆளும் ஜோடியாகப் பரீட்சையில் தேறி, சான்றிதழ் வாங்க வேண்டும். தேறாத ஆள் நாயைத் தொடக் கூடாது, கேட் டியூட்டிதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"எக்கா, பரீட்சையில ஒரு பெட்டி வரிசையில மருந்து ஒண்ணுமே வச்சிருக்க மாட்டாங்க. ஒரு தடவை நடத்திட்டு, இல்லன்னு சத்தமாச் சொல்லிரணும்" என்றான் தம்பி. "கருவாட்டுக் கடையில விலை கேக்க மாதிரி முனங்காதீய, கேட்டியளா."

பரீட்சைக்காரர் வெளியூர்க்காரர். ஷெட்டில் அட்டைப் பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார். முதல் வரிசையிலும் அடுத்ததிலும் நாய் சரியாக உட்கார்ந்தது. மூன்றாவதில் கடைசிவரை போய்விட்டது, உட்காரவில்லை. இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரவில்லை. வேலையிலும் நான் அப்படித்தான், சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று போவேன். திரும்ப நடத்தினேன். ஒரு பெட்டிப் பக்கம் என் கால் தயங்கியது. நாய் என் முகத்தைப் பார்த்தது. எனக்காக உட்கார்ந்தது.

"இங்கதானா?" என்றார் அவர்.

தலையாட்டினேன்.

"இந்த வரிசை முழுக்கக் காலிம்மா. நாய் சரியாத்தான் போச்சு. நீங்கதான் உட்கார வச்சுட்டீங்க."

கயிற்றைத் தம்பி கையில் கொடுத்தேன். அவனுக்குப் பெட்டிகளை மாற்றி அடுக்கினார்கள். தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தேன். காலி வரிசையில் ஒரு தடவை நடத்திவிட்டு "இல்ல சார்!" என்று ஷெட்டே அதிரக் கத்தினான். அவர்கள் ஜோடி தேறியது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வீட்டில் என் புருஷன் கேட்டார், "என்னளா, பாஸா?"

"நாய் பாஸு."

"அப்ப நீ?"

சோறு வைத்தேன். "நாய்க்கு இருக்க மூளை கூட இல்லையே உனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சாளை மீன் குழம்பில் உப்பு போட மறந்திருந்தேன். அவர்தான் சொன்னார், எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் என்னைக் கேட்டுக்கு மாற்றினார்கள். தம்பி பகலுக்கு வந்துவிட்டான். காலையில் லாரிகள் நிற்கும்போது நாயை என் முன்னாலேயே கூட்டிப் போவான்.

"கூப்பிட்டுராதீய எக்கா, வேலையில இருக்கு."

"இல்லப்பா" என்பேன்.

நாய் என் கால் பக்கமாகவே போகும். திரும்பிப் பார்க்காது. பார்க்கவும் கூடாது. வேலை நேரத்தில் ஆள் முகம் பார்த்துப் பழகினால் அடுத்த பரீட்சையில் அதுவும் தோற்றுவிடும். கடைசி லாரியை முடித்துவிட்டுத் தம்பி கை காட்டுவான். நான் கேட்டைத் திறந்துவிடுவேன்.