சட்டைப்பையில் இறுகிய பசை

என் அக்கா வீட்டுக்காரரைக் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் எல்லோரும் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு மட்டும் அத்தான். புரொப்பெல்லரைச் சுழற்றும் இரும்புத் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்தால், இரண்டு திரவங்களைக் கலந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸிப் பசையால் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். அவர் வீட்டு நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் கிடையாது. அது அக்காவின் தீராத புலம்பல்.

வேலையில் ஆள் பொல்லாதவர். தேய்ந்த இடத்தைச் சொரசொரப்பாக்கித் துடைத்த பிறகு யார் விரலாவது பட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து துடைப்பார். விரலில் இருக்கும் எண்ணெயே போதுமாம், பசை பிடிக்காமல் போக. கலவையில் கொஞ்சம் எடுத்து ஒரு டப்பா மூடியில் ஊற்றித் தண்டின் மேலேயே வைப்பார். பூசிய இடத்தைக் கீறிப் பார்த்தால் வடு விழும். அதனால் மூடியில் இருப்பது நகத்துக்கு அசையவில்லை என்றால் தண்டில் இருப்பதும் இறுகிவிட்டது என்று கணக்கு.

அந்த முறை வந்தது ஒரு பயணிப் படகு. அதை உள்ளே விட்டுத் துறையின் கடல் பக்கக் கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் வேலை. அதன் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர் என் வீட்டுக்காரர். பசை பெயர்ந்தால் தண்டு வழியாகக் கடல் நீர் அவர் காலடிக்குத்தான் வரும். சகலைகள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "வாங்க, போங்க" என்பதோடு சரி, என் வீட்டுக்காரர் அத்தானை முறை வைத்துக்கூடக் கூப்பிட மாட்டார்.

அன்று நல்ல குளிர்காற்று. மூடி பறந்துவிடும் என்று அத்தான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு நகம் வைத்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"ஆயிடுச்சு, தண்ணி விடலாம்" என்று துறை மேலாளரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பியவர், போகிற வழியில் மூடியை என் மேசையில் வைத்தார். ஓரமாகத் தள்ளலாம் என்று எடுத்தேன்.

"என்ன அத்தான், சூடா இருக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மூடியில் இருந்தது அவர் உடம்புச் சூட்டில் இறுகியிருக்கிறது. தண்டோ குளிரில் கிடக்கிறது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பேர் பார்க்க, தான் பூசிய இடத்தில் தானே நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது.

"கதவைத் திறக்காதீங்க. தப்பு என்னுது. மூடியைப் பையில வச்சிருந்தேன். தண்டுல இன்னும் இறுகல."

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெளிய அடுத்த கப்பல் நிக்குது. நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அத்தான்.

நாற்காலி விஷயத்தில் அவரை அப்போதே மன்னித்துவிட்டேன்.

நகத்தடத்தைப் புதுக் கலவையால் நிரப்பினார். அதில் கொஞ்சம் வேறொரு மூடியில் ஊற்றி, இந்த முறை தண்டின் மேலேயே வைத்தார். சுற்றிலும் சூட்டு விளக்குகளைக் கட்டிக் கூடவே காவல் கிடந்தார். மறுநாள் அவர் "சரி" என்றதும் மேலாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கதவைத் திறக்கக் கை காட்டினார்.

படகு முதல் நடை போய்த் திரும்பிய சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். தண்டுக்குக் கீழே விரித்து வைத்திருந்த துணியை அத்தான் கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாருங்கண்ணே. சொட்டு ஈரம் இல்ல."

அத்தான் துணியைப் பார்க்கவே இல்லை. தன்னை முதல் தடவையாக அண்ணன் என்று கூப்பிட்டவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.