கடவாய்ப் பல்

டாக்டர் என் வாய்க்குள் பார்த்தார். கேள்வியை என் கணவரிடம் கேட்டார். "கடவாய்ப் பல் சொத்தை. அடைச்சா நிக்கும். அடைக்கலாமா, எடுத்துடலாமா?"

கள்ளக்குறிச்சியில் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் நாற்காலியில் நான் மல்லாந்து கிடந்தேன். கன்னத்துக்குள் பஞ்சு. வாரக்கணக்காகத் தூங்காதவள் நான். வலி யாருக்கு என்றுகூடவா அந்தப் படித்த மனிதருக்குத் தெரியாது?

"புடுங்கிடுங்க சார். உள்ள கீற பல்லு, வெளிய இன்னா தெரியப் போவுது?" என்றார் என் கணவர்.

போன வருஷம் கரும்பு கடித்து முன்பல் உடைந்தபோது அவரும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அடைத்த இடம் நிறம் சேரவில்லை என்று கண்ணாடியை வாங்கி வாங்கிப் பார்த்து, மறுபடியும் செய்ய வைத்தார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஞ்சைத் துப்பினேன். "அடைங்க சார்."

டாக்டர் அப்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்கறீங்க? பல்லு இங்க கீது!" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, பல்லை அடைத்தார்.

கச்சிராயபாளையம் பஸ்ஸில் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்றார். வாய் மரத்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது தினமும் சொல்கிறேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையை அந்தப் பல்லாலேயே, அவர் காதில் விழும்படி நொறுக்குகிறேன்.