குலுக்கினால் சத்தம் வராத மவுஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மவுஸ் செத்துப்போனபோது, புதுசு வாங்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பினார். சந்தோஷப்பட வேண்டிய அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவளைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால் எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

ப்ளஸ் டூ முடித்திருந்த அக்காவுக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருந்தது. "வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்கு, மதுரைக்கு எதுக்குப் போகணும்?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மவுஸ் வந்துவிட்டால் அம்மா கட்சி ஜெயித்துவிடும் என்று அக்கா பயந்தாள்.

என் கவலை வேறு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் தலையை விட்டு, எந்த ஓட்டையில் மவுஸைச் சொருகுவார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன். வட்டமான, பச்சை நிற ஓட்டை. கம்பம்மெட்டிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 'வட்டம், பச்சை' என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்றுக்கு ஒன்பது துளை போட்ட அகல முனை. ஒன்றுக்கு வட்டமான பச்சை முனை. இன்னொன்றுக்குத் தட்டை முனை. நான் பச்சையைத் தொட்டுக் காட்டினேன். ஏலக்காய் வியாபாரம் செய்யும் அப்பாவுக்கு முதல் தரம் என்றால் பச்சைதான், அதனால் உடனே ஒத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. நன்றாகக் காய்ந்த ஏலக்காயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று உருளும். அந்தப் பழக்கத்தில் மவுஸைக் காதருகே வைத்துக் குலுக்கினார். அடியிலிருந்த ரப்பர் உருண்டை கடகடத்தது.

"நல்ல சரக்கு" என்றார்.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு அப்பா தட்டை முனைக்காரனைக் குலுக்கினார். சத்தமே இல்லை. அடியில் ஒரு சிவப்பு விளக்குதான் எரியுமாம்.

"மடியில வச்சுப் படிக்கிறாங்களே, அந்தப் பெட்டிக்கு எது சேரும்?" என்று கேட்டார்.

"தட்டைதாண்ணே. ஆனா உங்ககிட்ட லேப்டாப் இல்லையே?"

"ரெண்டையும் கட்டுங்க. ஒண்ணு இங்க இருக்கறதுக்கு. ஒண்ணு போறதுக்கு."

மவுஸ் எங்கே போகும் என்று மெட்டு ஏறும்வரை கேட்டுப் பார்த்தேன். அப்பா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சத்தம் வராத சரக்கை அவர் வாங்கி நான் பார்த்ததில்லை.

வீட்டில் பச்சையை என்னிடமும் தட்டையை அக்காவிடமும் கொடுத்தார். "மதுரைக்கு இதுதான் சரியாம். பெட்டி அடுத்த மாசம் வாங்கலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா விருட்டென்று அடுக்களைக்குள் போனாள். அக்கா அந்த மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. "நான் அப்பவே பச்சைன்னு சொன்னேன்க்கா, அப்பா கேக்கல. நாளைக்கே மாத்திரலாம்" என்றேன்.

அக்கா அழுதபடியே சிரித்தாள். எதற்கு என்று தெரியாமல், அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி, காதருகே வைத்து இன்னொரு முறை குலுக்கிப் பார்த்தேன்.