துளசிப் பொடியின் இரண்டு படங்கள்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு நாங்கள் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் செயல்முறை வகுப்பு நடத்தினேன். அவர் தண்டு என்கிற பட்டாளக் குடியிருப்புப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை டீ குடிப்பார். நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனபோது, "டீயை அடியோட நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக அல்சூர் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில், துளசியும் சுக்கும் சேர்த்து இடித்த பொடி வாங்கினேன்.

ஒரு மாதமாகியும் படபடப்பு குறையவில்லை. முதலில் வெளிறியிருந்த கஷாயம் இரண்டாம் வாரத்திலிருந்து சிவக்கவும் ஆரம்பித்தது. கடைக்காரர்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. ஓட்டல்களில் கொதித்துக் கழிந்த டீச் சக்கையைக் காயவைத்து விற்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எடைக்காக அதைக் கலக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

வீட்டில் பொடி போட்டுவைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். காரநீரில் கொதிக்கவைத்து, வெளுத்த துகளைக் கண்ணாடித் துண்டில் பரப்பி நுண்நோக்கியில் பார்த்தேன். துளசியின் கணுக்கணுவான ரோமங்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே மான்கொம்பு போலக் கிளைத்த தடித்த செல்கள். தேயிலையின் அடையாளம் என்று மாணவிகளுக்கு நானே வரைந்து காட்டியவை. கண்ணை மட்டும் நம்புவானேன் என்று நுண்நோக்கியின் மேல் கேமராவைப் பொருத்திப் படமும் எடுத்தேன்.

மறுநாள் மாலை கடையில் நாலு பேர் நிற்கும்போதே படத்தை அவர் முன்னால் போட்டேன்.

"இதுல டீச் சக்கை இருக்கு. யார ஏமாத்துறீங்க?"

நின்றவர்களில் இருவர் ஒன்றும் வாங்காமல் நழுவினார்கள். கடைக்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னான்னே எனக்குத் தெரியல டீச்சரம்மா. சொல்ப இருங்க." உள்ளே போய் மூட்டையையே இழுத்துவந்தார். "உங்க கையாலயே அள்ளிக்கினு போங்க. இதையும் படம் புடிங்க."

அந்தத் தைரியத்தையும் நான் நம்பவில்லை. மூட்டையின் அடிவரை கைவிட்டு அள்ளினேன். மறுநாள் கல்லூரியில் ஐந்து கண்ணாடித் துண்டுகள் பார்த்தேன். ஒன்றிலும் கொம்புச் செல் இல்லை. அதையும் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். கலப்படம் கடையில் நடக்கவில்லை என்றால் என் சமையலறையில்தான் நடந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் அவருடைய இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு படங்களையும் வைத்தேன்.

"என்னங்க, துளசி டப்பாவுல டீத்தூள் எப்படி வந்துச்சு?"

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்பப்ப ரெண்டு ஸ்பூன்தான் போட்டேன்" என்றார். "அது இல்லாம பதினோரு மணிக்கெல்லாம் ஃபைல் மேல தல சாயுது. உன்கிட்ட சொன்னா விடுவியா?"

"நான் அந்தக் கடைக்காரர நாலு பேர் முன்னால திருடன் மாதிரி நிக்க வெச்சிட்டேன்."

"சாயங்காலம் நானும் வரேன்" என்றார்.

அன்று மாலை இருவரும் போனோம். கடையில் ஆட்கள் சேரும்வரை காத்திருந்து, "உங்க பொடி சுத்தம். தப்பு எங்க வீட்டுல" என்று சத்தமாகவே சொன்னேன். என் கணவர் கைகூப்பினார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "அன்னிக்குப் போன ரெண்டு பேரும் இன்னும் வரலீங்க" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகும் பொடி கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் என்னை முகர்ந்து பார்க்கச் சொன்ன பிறகே பொட்டலம் கட்டினார்.

மூன்று வாரத்தில் என் கணவரின் படபடப்பு அடங்கியது. ஆபீஸிலும் டீயை விட்டுவிட்டதாகச் சொன்னார். நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. மாலையில் அவர் கழற்றும் கோட்டை வாங்கி மாட்டும் சாக்கில், ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன்.