அவரே சொல்லிவிட்டார்

ஏழாம் நம்பர் பஸ் டிரைவருக்குப் பொய் சொல்ல வராது. வண்டி தாமதமானால், "டீக்கடையில பேச்சு நீண்டுபோச்சுங்க" என்று பயணிகளிடமே ஒப்புக்கொள்கிற ஆள். அதனால்தான் மச்சினன் அவரைத் தேடி வந்தான்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நகராட்சிக் கவுன்சிலர். ஊர்க்கோடிப் பள்ளத்தில் அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். மழை பெய்தால் அங்கே பஸ்ஸின் படிக்கட்டு முழுகும். தினமும் அந்த வழியாகப் போகும் டிரைவருக்கு அது தெரியாதா என்ன?

"கருத்துக்கேட்புக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மாமா. ஆள் உயரத்துக்கு மண்ணு கொட்டி மேடாக்கிட்டுத்தான் கட்டுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு. அக்காவுக்கும் கீழ்த்தளத்துல ஒரு வீடு பேசி வெச்சிருக்கேன்."

வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக் கேட்டு மனைவி அலுத்துப்போயிருந்தாள். மண்தான் வரப்போகிறதே, அப்புறம் இது எப்படிப் பொய்யாகும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு டிரைவர் கூட்டத்தில் எழுந்தார்.

"நான் தினம் போற வழி. அங்க தண்ணி நின்னு பார்த்ததில்ல."

எதிர்க்க வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அவரே சொல்லிவிட்டாரே!

தகர வேலிக்குள் லாரிகள் போய்வந்தன. கட்டி முடித்துத் தரையில் கல் பதித்துவிட்டால், கீழே எவ்வளவு மண் என்று யார் கண்டது? குடிபோன அன்றே மனைவி ஆசை தீர ஆணி அடித்தாள். சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. பூசிக்கொள்ளலாம் என்று சிரித்தார்கள். முதல் பெருமழையில் குளியலறைத் துளை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறி, கட்டில் மெத்தையை நனைத்தது.

இருவரும் மச்சினன் வீட்டுக்குப் போனார்கள். டிரைவர் வாசலில் நின்றபடியே கத்தினார்.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே மாப்ள! மண்ணு எங்கடா?"

மச்சினன் அசரவே இல்லை. "என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? தண்ணியே நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் மண்ணு எதுக்கு, வீண்செலவுன்னு பில்டர் கேட்டாரு. கமிட்டியில எல்லாரும் சரின்னாங்க. நானும் கை தூக்கினேன்."

இப்படியும் ஒருவன் சொந்த அக்காவின் தலையில் கல்லைப் போடுவானா! டிரைவர் அடுத்து வாயைத் திறப்பதற்குள் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்க தண்ணி நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ரெண்டு பேருமே எங்கிட்ட சொல்லல."

அவள் சண்டை போடவில்லை. தனியாகவே பஸ் ஏறிப் போனாள். அந்த மெத்தையை யாராவது காயப்போட்டாக வேண்டும்.