ஓடைக்காரர் பார்த்த சிவப்பு

அந்தத் தெருவில் அவரை ஓடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஓடை எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. வாடகை வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி துவைக்கக் கொஞ்சம் சிமெண்ட் தரை, அவ்வளவுதான் அவர் ராஜ்யம். பஸ் போய் நிற்கிற கடைசி ஊரையும் தாண்டி மழைக்காட்டுக்குள் நடந்து, அங்கே ஓடுகிற சின்னச் சின்ன ஓடைகளில் கண்ணாடித் தொட்டிக்கு ஏற்ற அழகு மீன்களைத் தேடிப் பிடித்து வருவது அவர் தொழில். "தின்ன முடியாத மீனுக்கு இவ்வளவு நடையா?" என்று கேட்பவர்களிடம், "தின்னுட்டுத்தானே கெளம்புறேன்" என்பார். லேசில் கோபப்படுகிற மனுஷர் இல்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு மனக்குறை. காட்டில் அவர் கண்ணால் பார்ப்பதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஊரார் நம்பாவிட்டால் போகட்டும். கட்டிய மனைவியே நம்பவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மீனையாவது அதன் அசல் நிறத்தில் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஆசை.

குற்றம் அவர்மேல் இல்லை, மீன்மேல். பயந்தால் நமக்கு முகம்தான் வெளுக்கும். காட்டு மீனுக்கு உடம்பு முழுக்க வெளுத்துவிடும். பாறைமேல் குப்புறப் படுத்து, கொசு கடித்தாலும் அசையாமல் கல்லோடு கல்லாகக் கிடந்தால், ஆள் இருப்பதையே மறந்து அவை தங்கள் பாட்டுக்குச் சண்டை போடும், சரசமாடும். சிவப்பு முதலான நிறமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வலை பட்டதோ இல்லையோ, போயிற்று. மறுபடி நிறம் ஏறச் சில நாள் ஆகும். அதற்குள் மொத்த வியாபாரியின் கொட்டகைக்குப் போய், அங்கிருந்து விமானமே ஏறிவிடும். வீட்டில் தங்குவது ஒரு ராத்திரிதான். அந்த ஒரு ராத்திரியும் பிளாஸ்டிக் பைக்குள் ஊறிப்போன தேயிலைத் தூள் நிறத்தில் ஒண்டிக்கொண்டு கிடக்கும்.

போனில் படம் எடுத்துக் காட்டலாமே என்பீர்கள். எடுத்தாரே! படத்தில் வானம் தெரிந்தது, ஒரு மரக்கிளை தெரிந்தது, தண்ணீரில் நிழலாடிய அவர் மூக்கு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து எடுக்கப் போனதில் போன் ஓடையோடு போய்விட்டது.

மனைவி தையல்காரி. முன்னறையில் தையல் மிஷின், அதைச் சுற்றி பள்ளிக்கூடச் சீருடைகள் மூட்டை மூட்டையாக. அந்த வட்டாரத்தில் துணிக்கு நூல் பொருத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரே மாதிரித் தெரிகிற நாலு பச்சையை வரிசையாக வைத்து, மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பாள். அது அச்சாகப் பொருந்தும். நிற விஷயத்தில் இப்படிப்பட்டவள் தன்னை நம்பவில்லையே என்பதுதான் ஓடைக்காரருக்கு இன்னும் உறுத்தல்.

"வெயில்ல அப்படிப் படுத்துக் கெடந்தா கண்ணு பூத்துப் போகாதா? செவப்பு என்ன, ஏழு கலரும் தெரியும்" என்பாள், ஊசியில் நூலைக் கோத்தபடி.

அவள் தம்பிதான் வேனில் மீன் பெட்டிகளை வியாபாரியிடம் கொண்டுபோகிறவன். அவன் பங்குக்கு அவன் ஒன்று சொல்வான். "மாமா புடிச்சது செவப்பு மீனுதான் அக்கா. வர்ற வழியில பஸ்ஸுல எவனோ மாத்திட்டான்."

இருவரும் சிரிப்பார்கள். ஓடைக்காரரும் கூடச் சிரித்துவைப்பார். வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனாலும் தனியாகப் போய், தனியாகப் பார்த்து, தனியாகவே மனதில் வைத்துக்கொள்வது ஒரு மாதிரியான பாரம்தான்.

இந்தத் தடவை அவர் போனது இதுவரை யாரும் வலை போடாத ஓடைக்கு. பெரிய மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக ஓடியதால், தெளியும்வரை காட்டோரத்தில் ஒரு குடிசையில் காத்துக் கிடந்தார். தெளிந்ததும் ஓடையை ஒட்டியே மேலே ஏறினார். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால், இலை ஊறிப் பழுப்பேறிய நீர் அசையாமல் தேங்கிய ஓரிடம். படுத்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விரல் நீளத்தில் ஒரு ஆண் மீன் வேர்களுக்கு நடுவிலிருந்து வந்து, இன்னொன்றைப் பார்த்துச் சிலிர்த்தது. ஊத ஊத அடுப்புக் கரி கனிவதுபோல அதன் விலாவில் சிவப்பு ஏறியது. ஓடைக்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வயதானால் இப்படித்தான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஒரு வலையை வேர்களுக்கிடையில் ஊன்றி, மறுபக்கத்திலிருந்து கையால் மெல்ல ஓட்டி, ஒரு ஜோடியை மட்டும் பிடித்தார். வலையைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பைக் காணோம். வழக்கம்போல ஓடைத் தண்ணீரையும் கொஞ்சம் இலைகளையும் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் சிக்கல். மலைப்பாதையில் மண் சரிந்து வேன் போக வழியில்லை. மைத்துனன் கையை விரித்துவிட்டான். மீன்கள் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. பரண்மேல் கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியை இறக்கிக் கழுவி, அதில் விட்டார். சில நாள் அது தாங்கியது; ஆனால் மிஷின் ஓடுகிற அந்த அறையில் மீன்கள் வெளுத்தே கிடந்தன. ஒரு நாள் காலை மூலையில் கசிய ஆரம்பித்து, தண்ணீர் சீருடை மூட்டையை நோக்கிப் புறப்பட்டது. கண்ணாடி ஒட்டும் பசை வாங்க அவர் கடைக்கு ஓடினார்.

பசை வரும்வரை அவள் சும்மா இருப்பாளா? செடி வைக்க வாங்கி, செடியே வைக்காமல் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைப் பின்பக்கம் நிழலில் வைத்து, மீன்களையும் பழுப்புத் தண்ணீரையும் இலைகளையும் அதற்கு மாற்றினாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கத் தொடங்கினாள். பொத்தான் தைப்பவள் தலை நிமிர மாட்டாள், உடம்பு அசையாது. வேண்டுமென்றே மீன் பார்க்க உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஓடைக்காரர் வாசல் கதவைத் திறக்கும்போது பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க! ஓடி வாங்க! சீக்கிரம்!"

வீடே இடிந்ததுபோல அவர் ஓடினார். அவர் நிழல் தொட்டியில் விழுந்ததும் இரண்டு மீனும் இலைக்கடியில் புகுந்து, தேயிலைத் தூள் நிறத்துக்குத் திரும்பின.

"ஐயோ, போச்சே! இப்ப இருந்துச்சுங்க. சத்தியமா. ஒரு பக்கம் முழுக்க..." அவள் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பொத்தான்கள் தரையெல்லாம் உருண்டன.

அந்த நேரம் பார்த்து, பாதை திறந்துவிட்டது என்று சொல்ல மைத்துனன் வந்து சேர்ந்தான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"உனக்குமா அக்கா? ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?"

அவளுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய் நூல் பெட்டியோடு வந்தாள். ஏழெட்டுச் சிவப்பைப் புரட்டி, ஒரு நூல்கண்டை எடுத்துத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தச் செவப்பு. இதுக்குப் பக்கத்துல இருக்கே, அது இல்ல. இதேதான்."

ஓடைக்காரர் குனிந்து பார்த்தார். அதே சிவப்பு. இத்தனை வருஷமாக அவரால் வார்த்தையில் சொல்ல முடியாததை அவள் விரல் நுனியில் பிடித்து நின்றாள்.

"அது மட்டுமில்ல" என்று இன்னொரு கண்டையும் எடுத்தாள். "துடுப்போட ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு. இந்த நீலம்."

நீலமா? அந்த மீனில் நீலத்தை அவர் பார்த்ததே இல்லை. மைத்துனன் அதை அவர் முகத்திலேயே படித்துவிட்டான். "மாமா, நீங்களே சொல்லுங்க. நீலக் கோடு இருக்கா?"

அவளுக்குக் கண் பூத்துப் போச்சு என்று சொல்லிவிடலாம். பழைய கணக்கெல்லாம் ஒரே வரியில் தீர்ந்துவிடும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்கா கலரைத் தப்பாச் சொல்லி நீ என்னைக்காவது கேட்டிருக்கியா?" என்றார் ஓடைக்காரர். "போய் வேனை எடு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவள் தரையில் உட்கார்ந்து பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது.

"கண்ணால பார்த்ததைச் சொன்னா சிரிக்கிறான். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது. நீங்க எப்படிங்க இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?"

"சிரிச்சது நீதானே. அதனால பொறுத்துக்கிட்டேன்" என்றார். அவள் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடைக்காரரும் குனிந்து பொத்தான் பொறுக்கினார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு, தரையில் கிடந்த அத்தனையையும் தனியாளாகவே பொறுக்கியிருப்பார்.

மீன்கள் வேனில் போய்விட்டன. அடுத்த முறை காட்டுக்குக் கிளம்பும்போது அவர் நேராக அந்த விழுந்த மரத்துக்குத்தான் போனார். வலையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெயில் சாயும்வரை படுத்துக் கிடந்தார். சிவப்பு வந்தது, போனது, மறுபடி வந்தது. நீலம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே மிஷின் நின்றது. "பார்த்தீங்களா?"

"செவப்பு பார்த்தேன். நீலம் கண்ணுல படல."

"நான் பார்த்தேங்க."

"நீ பார்த்தேன்னா இருக்கும். எனக்குக் காட்டல, அவ்வளவுதான்."

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அங்க அட்டை கடிக்குமா?"

"கடிக்கும். காலெல்லாம் ஏறும்."

"ஏறட்டும். இந்தத் துணியெல்லாம் முடியட்டும், நானும் வரேன். உங்களுக்குச் சரியாப் பார்க்கத் தெரியல."